ஆர்டிஸ் கொண்டுவராத சாலட்

மின்னசோட்டாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஹெக்லண்ட் ஊரில் ஆர்டிஸ் ஸ்கோக்லண்ட் என்று பெயர் சொன்னால், "ஓ, பச்சை சாலட்டா?" என்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சாப்பாடு போட்டவள் அவள். பனிப்புயலில் வீடு திரும்ப முடியாமல் பள்ளியிலேயே மாட்டிக்கொண்ட நாற்பது பிள்ளைகளுக்கு, இருந்த மாவையும் முட்டையையும் வைத்து இரண்டு நாள் பான்கேக் சுட்டுப் போட்டே சமாளித்தவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, மூன்று பேரையும் மூன்று திசைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவள். இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எழுபத்தொரு வயது வாழ்ந்து அவள் சம்பாதித்த பெயர் பச்சை சாலட்.

சாலட் என்றதும் வெள்ளரிக்காயை நினைப்பவர்கள் அந்தப் பக்கத்துச் சர்ச்சில் சாப்பிட்டதில்லை என்று அர்த்தம். இதில் இலை தழை எதுவும் கிடையாது. நசுக்கிய அன்னாசி ஒரு டின், சாறோடு கிண்ணத்தில் கொட்ட வேண்டும். அதன் மேல் பிஸ்தா புட்டிங் மாவை அப்படியே தூவ வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கிறதே என்று பாலை ஊற்றிப் புட்டிங்கைச் செய்துவிட்டால் காரியம் கெட்டது. மாவு சாற்றைக் குடித்துப் பச்சையாகத் திரண்டதும் டப்பாவில் வரும் நுரைக்கிரீமைச் சேர்த்து, அடிக்காமல், கலக்காமல், கீழிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி விட வேண்டும். அப்புறம் வால்நட், மார்ஷ்மெல்லோ. ஒரு பொழுது ஃபிரிட்ஜில் இருந்தால் பஞ்சு மாதிரி உப்பி நிற்கும். இவ்வளவு சர்க்கரை இருந்தும் இதை இனிப்பு மேசையில் வைக்க மாட்டார்கள். இது சாலட். பன்றித் தொடைக்கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் பக்கத்தில் அதே தட்டில் விழ வேண்டும்.

மார்ஷ்மெல்லோ விஷயத்தில் ஆர்டிஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் அவள் இதைச் செய்த 1977ல், ஊர்க் கடையில் சின்ன மார்ஷ்மெல்லோ தீர்ந்துபோயிருந்தது. பெரியதை வாங்கி, கத்தரிக்கோலைச் சுடுதண்ணீரில் முக்கி முக்கி நான்காக வெட்டிப் போட்டாள். அன்றைக்குப் பாஸ்டரின் மனைவி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கடையில் சின்னது மலை மலையாகக் குவிந்தும் ஆர்டிஸ் வாங்கியதில்லை. வெட்டிய பக்கம் பிசுபிசுப்பாக இருக்கும், அங்கேதான் மாவு ஒட்டும், ருசி ஏறும் என்பது அவள் கட்சி. அதை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்த ஒரே ஆள் எதிர் வீட்டு லவோன்.

லவோன் ஹாகன்சன் ஆர்டிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். முப்பது வருஷம் சர்ச் அலுவலகத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவள். ஊரில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் கல்யாணத்தில் மழை, எந்த அடக்கத்தில் யார் வரவில்லை என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வாள். விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற தாளை அவள்தான் தட்டச்சு செய்வாள். பாஸ்டரின் மனைவி இரண்டாம் முறை போட்டுக்கொண்ட அந்த நாளுக்குப் பிறகு, ஆர்டிஸ் பேனாவை எடுக்கும் முன்பே தாளில் "ஆர்டிஸ் – பச்சை" என்று அச்சடித்திருக்கும். கல்யாணம், அடக்கம், அறுவடை விருந்து, எதுவானாலும் அதுதான். நடுவில் ஒரே ஒரு தடவை, எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பனியில் சர்ச் படிக்கட்டில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, ஆர்டிஸால் செய்ய முடியவில்லை. மற்றபடி ஒரு விருந்தும் தப்பியதில்லை.

இப்படிப்பட்ட பெண் 2004 ஆகஸ்டில், பாஸ்டருக்கு வழியனுப்பு விருந்து என்று அறிவித்தபோது, பச்சை வேண்டாம் என்று முடிவு செய்தாள். காரணம் ரொம்பச் சின்னது. ஜூன் மாத விருந்தில் இரண்டு இளம் பெண்கள் மேசையருகே நின்று, "அந்தப் பச்சை வராம ஒரு விருந்தும் முடியாதா?" என்று சிரித்தது அவள் காதில் விழுந்துவிட்டது. அந்த ஊரில் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் முதுகுக்குப் பின்னால் விழுந்த அந்த ஒரு வாக்கியத்தை ஆர்டிஸ் இரண்டு மாதம் மென்றுகொண்டிருந்தாள்.

ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. அது புருஷன் வெண்டலுக்குக்கூடத் தெரியாது. அவளுடைய அப்பாவின் தங்கை ஹில்டா கடைசிக் காலத்தில் புத்தி பிசகிப் போனாள். காலணிகளை அடுப்புக்குள் அடுக்கி வைப்பாள். சொந்த மகனைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பையன்?" என்பாள். ஊர் அவளிடம் உரக்கவும் மெதுவாகவும், ஒவ்வொரு சொல்லாக உடைத்துப் பேசும். அந்தக் குரலை ஆர்டிஸ் மறக்கவேயில்லை. அது தனக்கும் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் காப்பி இறங்கும் நேரத்தில், அந்தச் சர்ச்சுக்கு வந்த பதினோரு பாஸ்டர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். பதினொன்றும் வந்துவிட்டால் அந்த நாளை நிம்மதியாகத் தொடங்குவாள்.

அந்த வருஷம் அந்த நிம்மதி ஆட்டம் கண்டிருந்தது. ஏப்ரலில் கார்ச் சாவியை ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேடினாள். வெண்டல் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, லவோன் கையில் பைபிளோடு வாசலில் வந்து நின்று, மாதர் கூட்டத்துக்கு நேரமாகிறது, இன்னும் புறப்படவில்லையா என்றாள். கூட்டம் புதன்கிழமை என்றுதான் ஆர்டிஸ் நினைத்திருந்தாள். நேற்றே போய்விட்டு வந்ததாகவும் அவளுக்கு ஞாபகம். ஆனால் லவோன் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாதே. புதன்கிழமை போனது வேறு எதற்கோ இருக்கும் என்று தன்னையே சந்தேகித்துக்கொண்டு, அவளோடு சர்ச் வரை நடந்தாள். கதவு பூட்டியிருந்தது. கூட்டத்தை ரத்து செய்திருப்பார்கள் என்றாள் லவோன். ஆர்டிஸும் தலையாட்டினாள்.

அப்புறம் கிண்ணம். மூடி போட்ட, கடுகு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கிண்ணம். பச்சை சாலட் அதில்தான் பிறக்கும். அடியில் ஒட்டிய காகித நாடாவில் "ஆர்டிஸ் எஸ்." என்று அவளே எழுதியது. ஜூன் விருந்தில் மிஞ்சியதை அதிலேயே போட்டு லவோனிடம் கொடுத்தனுப்பியதாக அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டபோது, "என்கிட்ட இல்லையேடீ. நீதான எடுத்துட்டுப் போன?" என்றாள் லவோன். ஒரு மாதம் ஆர்டிஸ் வீட்டைக் கவிழ்த்துப் போட்டாள். நிலவறையிலும் காரின் பின்பக்கத்திலும் தேடினாள். ஃப்ரீசரைக்கூட ஒரு பயத்தோடு திறந்து பார்த்தாள். கிண்ணம் கிடைக்கவில்லை. பயம் மட்டும் கொஞ்சம் பெரிதானது.

விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை அவள் புது சாலட்டைச் செய்தாள். மோரை ஊற்றி வெண்ணிலா புட்டிங் மாவைக் கரைத்து, நுரைக்கிரீமைப் புரட்டி, டின்னில் வரும் ஆரஞ்சுச் சுளைகளைப் போட்டு, சாக்லேட் கோடு போட்ட பிஸ்கட்டை மேலே உடைத்துத் தூவுவது. பிஸ்கட்டைப் பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும். இல்லாவிட்டால் ஊறிக் கூழாகிவிடும். அதைச் சாதாரணக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். பெயர் ஒட்டவில்லை. எல்லோரும் சாப்பிட்டு, யார் செய்தது என்று கேட்டு, நான்தான் என்று சொல்லும் அந்த ஒரு நொடியை அவள் மனசுக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருந்தாள். சாயங்காலம் சர்ச்சுக்குப் போய் பீடத்தில் வைக்கத் தோட்டத்துப் பூக்களைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை ஃபிரிட்ஜைத் திறந்த வெண்டல், கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "ம்" என்றான். ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் அது ஒரு பெரிய சொற்பொழிவு.

ஆராதனை முடிந்து சர்ச்சின் நிலவறைக்கு இறங்கியபோது, புழுக்கத்தில் இரண்டு மின்விசிறிகள் அனலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. நீள மேசைகளில் எப்போதும்போல முதலில் சூடான பண்டங்கள், அடுத்து சாலட், அப்புறம் பன் ரொட்டி, தனியாக ஒரு மேசையில் இனிப்பு. ஆர்டிஸ் தன் கண்ணாடிக் கிண்ணத்தைச் சாலட் வரிசையில் வைத்து, பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து உடைத்துத் தூவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

எதிரே கடுகு மஞ்சள் கிண்ணம் இருந்தது. அதில் பச்சை சாலட் பஞ்சு மாதிரி உப்பி நின்றது.

கையிலிருந்த பிஸ்கட் துண்டு மேசை விரிப்பில் விழுந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிண்ணத்தை ஓர் ஓரமாகத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தாள். காகித நாடா இருந்தது. "ஆர்டிஸ் எஸ்." அவளுடைய எழுத்துதான்.

அந்த நேரத்தில் சமையலறைப் பொறுப்பாளர் கோரின் கரண்டிகளோடு வந்தாள். ஆர்டிஸைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், ஆனால் அந்த நிலவறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"உங்களதுதான் முதல்ல வந்துச்சு ஆர்டிஸ்," என்றாள். "காலையில நான் வந்து ஃபிரிட்ஜைத் தொறக்கறேன், உள்ள ரெடியா உக்காந்திருக்கு. நேத்து பூ கொண்டாந்தப்பவே வச்சிட்டீங்களா?"

ஆர்டிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இருக்கும்," என்றாள்.

அந்த ஒரு சொல் வெளியே வந்த பிறகுதான் அதன் கனம் அவளுக்குப் புரிந்தது. இருக்குமா? நேற்று தான் பூவோடு வந்தபோது கையில் இதுவும் இருந்ததா? பிஸ்தா புட்டிங் வாங்கியது ஞாபகம் இல்லை. கத்தரிக்கோலைச் சுடுதண்ணீரில் முக்கியது ஞாபகம் இல்லை. ஆனால் சாவியை ஃப்ரீசரில் வைத்ததும்தான் ஞாபகம் இல்லை. ஒரு மாதமாகத் தேடிய கிண்ணம் தன்னுடைய எழுத்தோடு இங்கே இருக்கிறது. செய்தது தானில்லை என்றால் வேறு யார்? தான் என்றால், அந்தச் சனிக்கிழமை எங்கே போயிற்று?

வெண்டலைத் தேடிப் போனாள். அவன் வரிசையில் நின்று, தானியக் கிட்டங்கியில் தன்னோடு வேலை பார்த்த நண்பனோடு மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நேற்று நான் புறப்பட்டபோது கையில் என்ன இருந்தது என்று அவன் காதருகே கேட்டாள்.

"பூ," என்றான் வெண்டல். பிறகு யோசித்தான். யோசிக்காமல் இருந்திருக்கலாம். "வேற என்னமோவும் இருந்துச்சே. டப்பா மாதிரி. மூடி போட்டு."

"என்ன கலர்?"

"அது எனக்கென்ன தெரியும்? டிவில ஆட்டம் கடைசிக் கட்டத்துல இருந்துச்சு."

டப்பா என்றால் பூச்சாடி வைத்த அட்டைப் பெட்டியாக இருக்கலாம். கிண்ணமாகவும் இருக்கலாம். ஆர்டிஸ் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு பாஸ்டர்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஐந்து வரை வந்தது. ஆறாவது ஆள், வயலின் வாசிப்பாரே, மீசை வைத்திருந்தாரே, அவர் பெயர் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை நாலோடு நின்றது.

இதற்குள் வரிசை சாலட் மேசைக்கு வந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பச்சை எப்போதும்போல இருக்கிறது என்றார் ஒருவர். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஜூனில் சிரித்த அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். இருவரும் பச்சையில்தான் முதலில் கரண்டியைப் போட்டார்கள். போட்டது போதாதென்று இன்னொரு கரண்டியும் எடுத்தார்கள். இந்தச் சனங்களுக்கு என்னதான் வேண்டும் என்று ஆர்டிஸுக்குத் தலை சுற்றியது.

கண்ணாடிக் கிண்ணத்தை ஒருவரும் தொடவில்லை. எட்டிப் பார்ப்பார்கள், யாருடையது என்று கேட்பார்கள், தெரியாது என்றதும் நகர்ந்துவிடுவார்கள். யார் கை என்று தெரியாத பண்டத்தை அங்கே யாரும் தட்டில் போட மாட்டார்கள். ஒரு அம்மாள் நேராக ஆர்டிஸிடமே வந்து, அந்த ஆரஞ்சு போட்டது யார் கொண்டுவந்தது என்று விசாரித்தாள்.

"தெரியலையே," என்றாள் ஆர்டிஸ். நான்தான் என்று சொன்னால், அப்போ பச்சை யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அவள் கண் முன்னாலேயே பிஸ்கட் ஊறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளும் தட்டை எடுத்தாள். தன் பண்டத்தைத் தானே போட்டுக்கொள்வது அங்கே வழக்கமில்லை. அதனால் பச்சை சாலட்டைச் சாப்பிட்டு அவளுக்கு வருஷக்கணக்காயிற்று. இன்றைக்கு ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, முள்கரண்டியால் அதைக் கிளறினாள். ருசி பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. குற்றவாளி தான்தானா இல்லையா என்று பார்ப்பதுதான் அவள் நோக்கம்.

மார்ஷ்மெல்லோ ஒன்று வெளியே வந்தது. சின்னது, உருண்டையாக, முழுசாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் முழுசு. மூன்றாவதும் அப்படியே. தட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி வரிசையாக வைத்தாள். பதினான்கு. ஒன்றில்கூடக் கத்தரிக்கோல் பட்ட பக்கம் இல்லை.

இது என் கை இல்லை என்று அவள் மனசு கூவியது. ஞாபகம் போகலாம், சனிக்கிழமை போகலாம், ஆனால் இருபத்தேழு வருஷம் பெரியதை வெட்டிய கை ஒரு நாளில் சின்னதை வாங்காது. ஆறாவது பாஸ்டர் லுண்டீன். வயலின் வாசித்தவர் லுண்டீன்தான். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் வந்து, இன்று விடைபெறும் பதினொன்றாவது ஆள் வரை கடகடவென்று வந்தது. ஆர்டிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடவுளே, எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அன்றைக்குச் சர்ச்சில் அவள் மனசாரச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. யார் இந்த வேலையைச் செய்தது? அவள் கிண்ணத்தை எடுத்து, அவள் பெயரில், அவள் சாலட்டை, அதுவும் சின்ன மார்ஷ்மெல்லோ போட்டு? கோரினாகத்தான் இருக்க வேண்டும். தாளில் எழுதியபடி எல்லாம் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று நிற்பவள் அவள்தான். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று ஆர்டிஸ் எழுந்தாள். ஐம்பது வருஷத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டிராதவள், மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

வெளியே பாஸ்டருக்கு நன்றி சொல்லிப் பேச்சு தொடங்கியிருந்ததால் சமையலறையில் லவோன் மட்டும் இருந்தாள். தொட்டியருகே நின்று, தோளில் தொங்கிய துண்டின் முனையால் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். கோரின் எங்கே என்று கேட்க ஆர்டிஸ் வாயெடுப்பதற்குள் லவோன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஆர்டிஸின் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பூப்போலப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையை வச்சிக்கிட்டு இங்க என்னடீ பண்ற?" என்றாள். "தண்ணில கிண்ணில விட்டுடாத. கட்டு ஊறிப் போயிடும்."

ஆர்டிஸ் தன் கையைப் பார்த்தாள். புள்ளி விழுந்த தோல், ஒரு கைக்கடிகாரம். வேறு ஒன்றும் இல்லை.

"என்ன கட்டு?"

"மாவுக்கட்டுதான். ஏன், வேற எங்கயும் ஒடச்சிக்கிட்டு வந்தியா?" லவோன் சிரித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து மாறாத சிரிப்பு. "நீ ஒண்ணும் கவலப்படாத. போன்ல சொன்னேன்ல, நான் பாத்துக்கறேன்னு. நேத்தே செஞ்சு கொண்டாந்து வச்சிட்டேன். உன் கிண்ணத்துலயேதான். நீ செஞ்சதுன்னே நெனச்சிக்கட்டும், நான் மூச்சு விடமாட்டேன். மார்ஷ்மெல்லோ மட்டும் சின்னது போட்டுட்டேன்டீ. உன்ன மாதிரி கத்தரிக்கோலோட மாரடிக்க எனக்குப் பொறுமை கிடையாது."

தொட்டிக்கு மேலே இருந்த சின்னச் சன்னல் வழியாக வெளியே புல் தெரிந்தது. வெயிலில் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. ஒரு வெட்டுக்கிளி கண்ணாடியில் மோதி விழுந்தது.

"போறப்ப படிக்கட்டுல பாத்துப் போ," என்றாள் லவோன். "பனி உருக இன்னும் உப்பு போடல. மறுபடி வழுக்கினா அந்தக் கையும் போயிடும்."

வியாழக்கிழமை பூட்டிய கதவு ஆர்டிஸுக்கு ஞாபகம் வந்தது. என்கிட்ட இல்லையேடீ என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. ஒரு மாதம் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தன்னைத் தானே சந்தேகித்த நேரமெல்லாம், எதிர் வீட்டைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கத் தோன்றவில்லையே என்று நெஞ்சு வலித்தது. ஐந்து நிமிஷம் முன்னால் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன ஜெபத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. நாளைக்கு ஃபார்கோ நகரத்தில் இருக்கும் லவோனின் மகளுக்குப் போன் செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில் லவோன் எவ்வளவு நிம்மதியாக நிற்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கோரின் வந்தாள். ஒரு கையில் கடுகு மஞ்சள் கிண்ணம், இன்னொரு கையில் கண்ணாடிக் கிண்ணம்.

"உங்களது ஒரு பொட்டு மிச்சமில்ல ஆர்டிஸ்," என்றாள். "இந்த இன்னொண்ணுதான் யாரோடதுன்னே தெரியல, வச்சது வச்சபடி இருக்கு."

லவோன் ஆர்டிஸைப் பார்த்துக் கண்ணடித்தாள். ரகசியத்தைக் காப்பாற்றுகிறாளாம். ஆனால் அடுத்த நொடியே அந்தக் கண்ணில் ஏதோ கலங்கியது. கோரினின் முகத்தைப் பார்த்தாள், அவள் தலையில் இருந்த நரையைப் பார்த்தாள், யாரென்று தேடுவது போல இருந்தது. துண்டின் முனையைப் பற்றிய விரல்கள் இறுகின. அவள் மெல்ல, "ஆர்டிஸுக்குக் கை..." என்று தொடங்கிவிட்டு, கோரினின் புருவம் உயர்வதைக் கண்டு நிறுத்தினாள்.

ஆர்டிஸ் வலது கையை மார்போடு சேர்த்து மடக்கி, இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள்.

"அத நான் செய்யல கோரின்," என்றாள். "லவோன்தான் செஞ்சு குடுத்தா. எனக்கு இந்தக் கை ஒடஞ்சிருக்குல்ல, மாவுக்கட்டோட எப்படிச் செய்யறது?"

கோரின் அந்தக் கையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஆர்டிஸின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். லவோனின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கிண்ணங்களைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, உரக்கவும் மெதுவாகவும், ஒவ்வொரு சொல்லாக உடைத்துப் பேசினாள்.

"அப்படியா, ஆர்டிஸ். ரொம்ப நல்லது. நீங்க, போயி, உக்காருங்க. நான் வெண்டலக் கூட்டிட்டு வரட்டா?"

ஹில்டா அத்தையிடம் ஊர் பேசிய அதே குரல். வாழ்நாளெல்லாம் எந்தக் குரலுக்குப் பயந்தாளோ அது நேராக அவள் முகத்தில் விழுந்தது. ஆர்டிஸ் அதை வாங்கிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வா," என்றாள்.

கோரின் அவசரமாக வெளியே போனாள். இன்னும் கால்மணி நேரத்தில் நிலவறை முழுக்கத் தெரிந்துவிடும். லவோன் பெருமூச்சு விட்டு மறுபடி தட்டை எடுத்தாள். விரல்கள் இப்போது இளகியிருந்தன.

"சொல்லிட்டியே," என்றாள். "நான்தான் சொல்லமாட்டேன்னேன்ல."

"நீ செஞ்சத நீ செஞ்சதுன்னுதான சொல்லணும். நல்லா வந்திருக்குடீ. என்னோடத விட நல்லா வந்திருக்கு."

லவோனின் காது மடல் சிவந்தது. அறுபத்தைந்து வருஷப் பழக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி இப்படி நேராகப் பாராட்டிக்கொண்டதில்லை. அடுத்த தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "கட்டு எப்பப் பிரிப்பாங்களாம்?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வாரம்," என்றாள் ஆர்டிஸ். பிறகு கொடியிலிருந்து இன்னொரு துண்டை உருவிக்கொண்டு, இடது கையால், பழக்கமில்லாமல், தட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.